தண்ணிக்கு எப்படித் தெரியும்?

போன கோடை விடுமுறைக்கு அண்ணன் மகள் வந்திருந்தாள். ஏழாம் வகுப்புக்குப் போகிறவள். பகலெல்லாம் போனும் கையுமாகக் கிடந்தவளைக் கிளப்புவதற்காக, கூடத்து ஊஞ்சலைக் கழற்றி, அந்தக் கொக்கியில் தேங்காய்நார்க் கயிறு கட்டி ஒரு வாளியைத் தொங்கவிட்டேன். அரை வாளி தண்ணீர். கயிறு நன்றாக முறுக்கேறும்வரை வாளியைச் சுற்றினோம். தண்ணீர் அசைவடங்கியதும் மேலே ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தூவிவிட்டுக் கையை எடுத்தோம்.

வாளி விருட்டென்று சுழன்றது. மஞ்சள்தூள் அப்படியே நின்றது. மேற்பரப்பு தாம்பாளம் போலத் தட்டை. கொஞ்ச நேரத்தில் ஓரத்து மஞ்சள் நகர ஆரம்பித்தது. வாளியின் சுவர் தண்ணீரைத் தன்னோடு இழுக்கத் தொடங்கிவிட்டது. பிறகு தண்ணீர் முழுக்க வாளியோடு சேர்ந்து சுற்ற, நடுவில் பள்ளம் விழுந்தது, ஓரங்களில் நீர் மேலேறியது. அந்த நேரம் பார்த்து வாளியைக் கப்பென்று பிடித்து நிறுத்தினேன். வாளி நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. பள்ளமும் மூடவில்லை.

"தண்ணிக்கு எப்படி அத்தை தெரியும், தான் சுத்துறோம்னு?" என்றாள்.

கிணற்றில் நீர் சேந்திய வீடுகளில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, மேலே வரும் வாளி முறுக்கு அவிழ்ந்து சுற்றுவது பழகிய காட்சி. ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீரைப் பார்த்து இப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. தோன்றியவர் நியூட்டன். 1687-இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வில், இயக்க விதிகளைச் சொல்வதற்கும் முன்பே அவர் இதே வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டுவிடுகிறார். தானே செய்து பார்த்ததாகவும் எழுதுகிறார். மஞ்சள்தூள் மட்டும் என் சேர்க்கை.

நியூட்டனின் வாதம் கிடுக்கிப்பிடி. சுற்றுகிறது என்றால் எதைப் பொறுத்துச் சுற்றுகிறது? பக்கத்தில் இருக்கும் வாளியைப் பொறுத்தா? முதல் கட்டத்தில் வாளிக்கும் தண்ணீருக்கும் இடையே வேக வித்தியாசம் மிக அதிகம், பள்ளம் இல்லை. அடுத்த கட்டத்தில் இரண்டும் சேர்ந்தே சுற்றுகின்றன, வித்தியாசமே இல்லை, பள்ளம் விழுகிறது. வாளியைப் பிடித்து நிறுத்தினால் வித்தியாசம் திரும்ப வருகிறது, பள்ளம் போகவில்லை. ஆக வாளிக்கும் பள்ளத்துக்கும் சம்பந்தம் இல்லை. அப்படியானால் தண்ணீர் வேறு எதையோ கணக்கில் வைத்திருக்கிறது. அது எதையும் சாராத, எங்கும் ஒரே மாதிரியான, அசையவே அசையாத வெளி. பொருள்கள் எல்லாம் அதற்குள் வைக்கப்பட்டவை. பொருளையெல்லாம் எடுத்துவிட்டாலும் அது இருக்கும்.

இந்த வெளியைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது. அது இருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி வாளித் தண்ணீர்தான். அதனாலேயே ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. 1715-இலும் 1716-இலும் நியூட்டனின் தரப்பாகப் பேசிய சாமுவேல் கிளார்க்குக்கும் லைப்னிட்ஸுக்கும் இடையே, வேல்ஸ் இளவரசி கரோலின் வழியாகக் கடிதச் சண்டை நடந்தது. லைப்னிட்ஸ் கேட்டதன் சாரம்: பிரபஞ்சம் முழுவதையும் அப்படியே பெயர்த்து மூன்றடி கிழக்கே நகர்த்தி வைத்தால் என்ன மாறும்? ஒன்றும் மாறாது. யாராலும் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம் வித்தியாசமே அல்ல. 'இடம்' என்பது பொருள்களுக்கு நடுவே உள்ள உறவுதான். வீட்டில் யாருமே இல்லாவிட்டால் மாமன் மச்சான் முறை மட்டும் தனியாக இருக்குமா என்ன? (உறவுமுறை உதாரணம் என்னுடையது, லைப்னிட்ஸும் வம்சாவளியைத்தான் உதாரணம் காட்டினார்.) அருமையான வாதம். ஆனால் அது நேர்கோட்டு நகர்வுக்குச் செல்லும், பள்ளத்துக்குச் செல்லாது. எழும்பூரில் பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில்தான் கிளம்பிவிட்டது என்று ஏமாறுகிறோமே, அந்த ஏமாற்றம் ராட்டினத்தில் நடக்காது. சுற்றுவது நாமா ஊரா என்று வயிறே சொல்லிவிடும். வாளிக்கு லைப்னிட்ஸிடம் நேரான பதில் இருந்ததாகத் தெரியவில்லை. 1716 நவம்பரில் அவர் காலமானார், கடிதங்கள் நின்றன.

அடுத்த நூற்றைம்பது வருடம் நியூட்டனின் வெளிதான் செல்லுபடியானது. பிஷப் பெர்க்லி 1721-இல் முணுமுணுத்தார்; நட்சத்திரங்களைப் பொறுத்துத்தான் சுழற்சி என்று சொல்லிப் பார்த்தார். கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் காது கொடுக்கவில்லை.

இதற்கிடையே பாரிஸில் ஒரு காட்சி. 1851 மார்ச்சில் லியோன் ஃபூக்கோ, பாந்தியோன் கட்டடத்தின் குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பு தன் வீட்டு நிலவறையில் சின்ன ஊசல் கட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டிருந்தார். ஒரு முறை போய்வர அந்தப் பெரிய ஊசலுக்குப் பதினாறு வினாடி. குண்டின் அடியில் இருந்த முள், தரையில் குவித்த மணலைக் கீறிக்கொண்டு போகும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சில மில்லிமீட்டர் தள்ளிக் கீறும். ஊசல் ஆடும் தளம் திரும்பவில்லை, கீழே தரைதான் திரும்புகிறது என்று கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

துருவத்தில் கட்டினால் அந்தக் கீறல் தரையில் ஒரு முழுச்சுற்று வர 23 மணி 56 நிமிடம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க மெதுவாகும். டெல்லியில், புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்கும் ஊசலுக்கு 50 மணி நேரம். புனேயில், ஐயூகா எனப்படும் வானியல் மையத்தில் ஒன்று தொங்குகிறது. அதற்குச் சுமார் 75 மணி. சென்னையில் கட்டினால் நான்கரை நாள் ஆகும், கன்னியாகுமரியில் ஏழு நாள்.

அந்த 23 மணி 56 நிமிடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏன் 24 இல்லை? சூரியன் உச்சியிலிருந்து மறுநாள் உச்சிக்கு வர 24 மணி. ஏதாவது ஒரு நட்சத்திரம் இன்று இருந்த இடத்துக்கே நாளை வர 23 மணி 56 நிமிடம். அடைத்து வைத்த அறைக்குள், ஜன்னல் கூட இல்லாத நிலவறைக்குள் தொங்கும் குண்டு, பக்கத்தில் இருக்கும் சூரியனோடு சேரவில்லை. பல ஒளியாண்டு தள்ளி இருக்கும் நட்சத்திரங்களோடு கணக்கு வைத்திருக்கிறது. பூமியின் சுழற்சியை அளக்க இரண்டு வழிகள். ஒன்று, வெளியே போய் வானத்தைப் பார்ப்பது. இன்னொன்று, உள்ளே உட்கார்ந்து ஊசலைப் பார்ப்பது. இரண்டும் ஒரே விடை தருகின்றன. ஜெர்மனியின் வெட்செல் ஆய்வகத்தில் நிலத்தடியில் நான்கு மீட்டர்ப் பக்கமுள்ள சதுரத்தில் லேசர் ஒளியை எதிரெதிர்த் திசைகளில் ஓடவிட்டுப் பூமியின் சுழற்சியை அளக்கிறார்கள். வானொலித் தொலைநோக்கிகள் கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள குவேசார்களைப் பார்த்து அதே சுழற்சியை அளக்கின்றன. அங்கேயும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

நியூட்டனின் பக்கம் நின்றால் இது தற்செயல். வெளி அசையாமல் நிற்கிறது. நட்சத்திரக் கூட்டமும் மொத்தத்தில் அதற்குள் சுற்றாமல் நிற்கிறது. அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' எர்ன்ஸ்ட் மாக்குக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

ஒலியைவிட வேகமாகப் போகும் விமானத்தின் வேகத்தை 'மாக் 1', 'மாக் 2' என்று சொல்கிறார்களே, அந்த மாக். ரயில் ஒரு வளைவில் திரும்பும்போது வெளியே வீடுகளும் மரங்களும் சாய்ந்து தெரிவதைக் கவனித்தவர் அவர். சுழல் நாற்காலி செய்து, அதில் ஆட்களை உட்காரவைத்துச் சுற்றிவிட்டு, உடம்பு சுழற்சியை எப்படி உணர்கிறது என்று ஆராய்ந்தவர். 1883-இல் வந்த இயக்கவியல் வரலாற்று நூலில் நியூட்டனின் வாளியை எடுத்து வைத்துக்கொண்டு அவர் கேட்டதன் சாரம் இது: வாளியின் சுவர் தண்ணீரை ஒன்றும் செய்யவில்லை, சரி. அது மெல்லிய சுவர். அதே சுவர் பல மைல் தடிமனாக இருந்தால் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? வாளியை நிறுத்திவைத்து நட்சத்திரங்களையெல்லாம் அதைச் சுற்றிச் சுழற்றிக் காட்டுங்கள், அப்போதும் பள்ளம் விழவில்லை என்று நிரூபியுங்கள், பிறகு பேசலாம்.

வெளி என்று தனியாக ஒன்று வேண்டாம்; தண்ணீர் பார்ப்பது நட்சத்திரங்களை என்பதே இதன் பொருள். பொருளின் நிலைமம், அதாவது போகிற போக்கை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் குணம், அதன் சொந்தச் சொத்து அல்ல. உலகத்திலுள்ள மற்றப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து அதற்குக் கொடுத்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாக் எப்படி என்று சொல்லவில்லை. ஒரு சமன்பாடுகூட எழுதவில்லை. கேள்வியைத் தூக்கி மேஜைமேல் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். என் பார்வையில் அதுவே பெரிய காரியம்.

சோதித்துப் பார்க்கக் கிளம்பியவர்களும் உண்டு. ஜெர்மனியில் ஃப்ரீட்லேண்டர் சகோதரர்கள் 1896-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். அவர்களில் இம்மானுவேல், பைனே என்ற ஊரின் இரும்பு உருட்டாலைக்குப் போய், அங்கே ஓடிய பிரம்மாண்டமான விசைச்சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் மெல்லிய முறுக்குத் தராசு ஒன்றை வைத்துப் பார்த்தார். சக்கரம் சுற்றுவது பக்கத்திலுள்ள பொருளைத் துளியாவது தன்னோடு இழுக்கிறதா? ஆலை அதிர்வுக்கு நடுவில் நம்பும்படி எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கவும் முடியாது. ஆனால் தேடிய திசை சரி.

ஐன்ஸ்டைனுக்கு மாக்கின் மீது இளவயதிலிருந்தே பெரிய மயக்கம். ஈர்ப்பையும் நிலைமத்தையும் ஒன்றாகக் கட்டும் கோட்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த 1913 ஜூனில் அவர் மாக்குக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் வாளி ஆராய்ச்சி சொன்னபடியே நிலைமம் பொருள்களின் பரஸ்பரத் தாக்கத்திலிருந்து பிறப்பதாகத் தெரிகிறது என்ற பொருளில் உற்சாகமாகச் சொல்கிறார். 1915-இல் பொதுச் சார்பியல் முழுமையானது. 1918-இல் 'மாக் கோட்பாடு' என்ற பெயரை அவரே வைத்தார். அதே வருடம் வியன்னாவில் ஹான்ஸ் திர்ரிங், யோசஃப் லென்ஸேயுடன் சேர்ந்தும் தனியாகவும், புதுச் சமன்பாடுகளைக் கொண்டு கணக்குப் போட்டார். ஓர் உள்ளீடற்ற கோளம் சுழன்றால் உள்ளே இருக்கும் வெளிக்கு என்ன ஆகும்? விடை: கோளம் அதையும் கொஞ்சம் தன்னோடு இழுக்கும். எவ்வளவு என்பது நிறையை ஆரத்தால் வகுத்து வரும் எண்ணைப் பொறுத்தது.

என் கூடத்து வாளிக்கு இந்தக் கணக்கைத் தோராயமாகப் போட்டேன். ஒரு கிலோ வாளி, பதினைந்து சென்டிமீட்டர் ஆரம். நூறு கோடியில் ஒரு பங்கை எடுத்து, அதில் நூறு கோடியில் ஒரு பங்கை எடுத்து, அதிலும் நூறு கோடியில் ஏழு பங்கு. வாளி இழுப்பது அவ்வளவு. பூஜ்யம் இல்லை! நியூட்டன் சம்பந்தமே இல்லை என்றார். சம்பந்தம் இருக்கிறது, ஆனால் வாளியின் பேச்சு எடுபடவில்லை. பூமியே தன் மொத்த எடையோடு வந்தாலும் நூறு கோடியில் ஒரு பங்குக்குக் குறைவாகத்தான் தேறும். நட்சத்திரமாகி, அண்டமாகி, கண்ணுக்கெட்டிய பிரபஞ்சம் முழுவதையும் சேர்த்தால் அந்த எண் ஏறத்தாழ 1 என்ற அளவுக்கு வந்து நிற்கிறது.

தூரத்துப் பொருளுக்கு எப்படி இவ்வளவு செல்வாக்கு? 1953-இல் டென்னிஸ் ஷியாமா இதைக் கணக்காக்கினார். (பின்னாளில் ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் ஆசிரியர்.) கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் எழுதுவது பெரிய தொகை, தூரத்து ஆட்கள் எழுதுவது ஐம்பதும் நூறும். சாதாரண ஈர்ப்பு விசை தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைந்துவிடும். அங்கே தாய்மாமன்தான் ராஜா. நிலைமத்துக்கான பங்கோ தூரத்துக்கு ஏற்ப மெதுவாகத்தான் குறைகிறது. ஆனால் தள்ளிப் போகப் போக ஆட்களின் எண்ணிக்கை தூரத்தின் இருமடியாகக் கூடுகிறது. கூட்டிப் பார்த்தால் நோட்டை நிரப்புவது முகம் தெரியாத கூட்டம்தான். பேருந்தில் ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டதும் நாம் முன் இருக்கையில் மோதுகிறோமே, ஷியாமாவின் கணக்குப்படி அந்தத் தள்ளலுக்குக் காரணம் எட்டாத தொலைவிலுள்ள அண்டங்கள். பூமியின் பங்கும் பால்வீதியின் பங்கும் அதில் சில்லறைதான்.

1966-இல் டீட்டர் பிரில், ஜெஃப்ரி கோஹன் இருவரும் திர்ரிங்கின் கோளத்தை எல்லைவரை கொண்டுபோனார்கள். கருந்துளையாகும் விளிம்புக்குக் கோளம் நெருங்கும்போது இழுப்பு முழுமையாகிவிடுகிறது. உள்ளே ஓர் ஊசலைத் தொங்கவிட்டால் அது வெளியே உள்ள நட்சத்திரங்களை அடியோடு மறந்து கோளத்தோடு போகும். மாக்கின் தடித்த வாளிச் சுவர், காகிதத்திலாவது, கிடைத்துவிட்டது.

காகிதத்துக்கு வெளியே பார்க்க வேண்டுமானால் நம்மிடம் இருக்கும் பெரிய சுழலும் பொருள் பூமி. ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் ஷிஃப், வில்லியம் ஃபேர்பாங்க், ராபர்ட் கேனன் மூவரும் 1959-இல் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் நின்று பேசிய பேச்சு, 45 வருடம் கழித்து விண்ணுக்கு ஏறியது. 2004 ஏப்ரல் 20 அன்று 'கிராவிட்டி ப்ரோப் பி' கிளம்பி, 642 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களின் மேலாகப் பூமியைச் சுற்றியது. உள்ளே டேபிள் டென்னிஸ் பந்து அளவில் நான்கு குவார்ட்ஸ் உருண்டைகள். எவ்வளவு உருண்டை என்றால், அதைப் பூமி அளவுக்கு ஊதிப் பெரிதாக்கினால் மேடு பள்ளம் ஓர் ஆளுயரத்தை அதிகம் தாண்டாது. அப்படிப்பட்ட மொழுமொழுப்பான உருண்டை எந்தப் பக்கம் அச்சு வைத்துச் சுற்றுகிறது என்று எப்படிப் பார்ப்பது? புள்ளி வைத்தால் உருண்டை கெட்டுவிடும். மேலே நியோபியம் பூசி, திரவ ஹீலியத்தால் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகும் வரை குளிர்வித்தார்கள். சுழலும் மீக்கடத்தி தன் அச்சின் நேருக்கு நேரே ஒரு நுண்ணிய காந்தப் புலத்தை உண்டாக்கும்; அந்தப் புலத்தைப் படித்தார்கள். இந்த யோசனை வந்தவரை எழுந்து நின்று கும்பிடலாம்.

தொலைநோக்கி ஒரு நட்சத்திரத்தைக் குறிவைத்து நிற்கும். உருண்டைகளின் அச்சு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே கேள்வி. பூமியின் சுழற்சி இழுப்பதால் வருடத்துக்கு 39 மில்லி ஆர்க்வினாடி விலக வேண்டும் என்றது சார்பியல். 400 மீட்டர் தள்ளிப் பிடித்த ஒற்றைத் தலைமுடியின் அகலம் அது. அந்த வேகத்தில் ஒரு முழுச்சுற்று முடிய 3 கோடி வருடத்துக்கு மேல் ஆகும். உருண்டைகளின் மேல் திட்டுத்திட்டாகப் படிந்த மின்னூட்டம் கணக்கைக் குழப்பிவிட, அதைப் பிரித்தெடுக்கவே வருடங்கள் ஓடின. 2011-இல் விடை வெளியானது: 37.2, கூடக்குறைய 7.2. சண்டை போட்டுப் பெற்ற இந்த எண், எதிர்பார்த்த அளவுக்குக் கூர்மையாக வரவில்லை என்று சிலருக்குக் குறை. எனக்கில்லை. பூமி சுற்றும்போது, தொடாமலே, சுற்றியுள்ள வெளியைத் தன்னோடு இழுக்கிறது! ஃப்ரீட்லேண்டர் ஆலையில் தேடியது இதைத்தான்.

அப்படியானால் மாக் ஜெயித்துவிட்டாரா? பாதிதான். சார்பியலின் சமன்பாடுகளுக்குள் எந்தப் பொருளும் இல்லாத வெறும் பிரபஞ்சமும் தீர்வாக வருகிறது. வில்லெம் டி சிட்டர் 1917-இலேயே ஒன்றைக் காட்டி ஐன்ஸ்டைனின் தூக்கத்தைக் கெடுத்தார். வெற்று வெளியில் தன்னந்தனியாக ஓர் உருண்டை சுற்றினாலும் அதன் நடு புடைக்கும். யாரைப் பார்த்துப் புடைக்கிறது? ஐன்ஸ்டைனின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி, 1949-இல், நண்பர் குர்ட் கோடல் கொடுத்த பரிசு இன்னும் மோசம்: உள்ளே உள்ள ஜைரோஸ்கோப்புகளை, அதாவது அந்தக் குவார்ட்ஸ் உருண்டைகள் போன்ற சுழலிகளை, பொறுத்து முழுப் பிரபஞ்சமுமே சுழலும் ஒரு தீர்வு. சமன்பாடு அதையும் அனுமதிக்கிறது. 1954-இல் ஐன்ஸ்டைன், இனிமேல் மாக் கோட்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். மாக்கும் தன் பங்குக்கு முகம் திருப்பியிருந்தார்: அவர் இறந்தபின் வெளியான ஒளியியல் நூலின் முன்னுரை சார்பியலை மறுக்கிறது. அதை எழுதியது அவர் மகன் என்று வாதிடுபவர்களும் உண்டு.

ஐன்ஸ்டைன் கைவிட்டாலும் மற்றவர்கள் விடவில்லை. 1961-ஐ ஒட்டி ரொனால்ட் ட்ரீவர், ஸ்காட்லாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் லித்தியம் அணுக்கருக்களைப் பூமியின் காந்தப் புலத்தில் வைத்து, பால்வீதியின் மையத்தை நோக்கிய திசையில் நிலைமம் கூடுகிறதா என்று பார்த்தார். கூடவில்லை. 1964-இல் ஃப்ரெட் ஹாயிலும் ஜயந்த் நார்லிகரும், ஒரு துகளின் நிறையே மற்றத் துகள்கள் அனைத்தும் கொடுப்பதுதான், தனியாக விடப்பட்ட துகளுக்கு நிறையே கிடையாது என்று ஒரு கோட்பாட்டை ராயல் சொசைட்டியில் வைத்தார்கள். கூட்டத்தில் எழுந்த இளைஞர் ஹாக்கிங், நீங்கள் கூட்டும் தொகை முடிவிலிக்குப் போய்விடுமே என்றார். அந்தக் கோட்பாடு நிலைக்கவில்லை. ஆனால் அந்த நார்லிகர் பிற்பாடு புனேயில் உருவாக்கிய மையம்தான் ஐயூகா. அங்கே 75 மணிக்கொரு சுற்றாக ஊசல் திரும்பிக்கொண்டிருப்பது எனக்கு வெறும் காட்சிப்பொருளாகத் தெரிவதில்லை.

அண்டங்களெல்லாம் சேர்ந்து எந்தப் பக்கமாவது சுற்றுகின்றனவா என்று இன்றுவரை தேடியாகிவிட்டது. பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சில் அப்படி ஒரு சுழற்சியின் தடம் அகப்படவில்லை. ஊசலும் வானமும் ஒத்துப்போவதற்கு இப்போது இரண்டு விளக்கங்கள் கைவசம் இருக்கின்றன. தொடக்கத்தில் சுழற்சி இருந்திருக்கலாம், பிரபஞ்சம் கண்மூடித் திறப்பதற்குள் உப்பிப் பெருத்ததில் அது நீர்த்துக் காணாமல் போயிற்று என்பது ஒன்று. மொத்தமும் சுற்றுகிறது என்பதற்கு அர்த்தமே இல்லை, எதைப் பொறுத்துச் சுற்றும் என்பது இன்னொன்று. பிரிட்டனில் ஜூலியன் பார்பரும் இத்தாலியில் புருனோ பெர்ட்டோட்டியும் 1982-இல் இந்த இரண்டாவது வழியில், வெளியைத் தொடாமல், பொருள்களுக்கு நடுவேயுள்ள தூரங்களை மட்டும் வைத்து இயக்கவியலை எழுதிக் காட்டினார்கள். முதல் விளக்கத்தில் இந்த ஒத்துப்போதல் நடந்த கதை. இரண்டாவதில் அது வேறு மாதிரி இருந்திருக்கவே முடியாது. வாளியிலும் ஊசலிலும் இரண்டுக்கும் ஒரே பள்ளம், ஒரே 75 மணி.

வாளி சுற்றிய அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் அவள் பாவாடை குடை மாதிரி விரிந்து நிற்கத் தட்டாமாலை சுற்றி, மூச்சு வாங்கி உட்கார்ந்தபின், இரண்டையும் என்னால் முடிந்த அளவு சொன்னேன். தலை சுற்றல் அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டுல எது அத்தை?"